ஊர் கூடி மின்சாரம் வாங்கினால் ஓநாய்க்கு ஏன் கண்ணீர்?

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எல்லோருக்கும் தெரியும். 2010-ஆம் ஆண்டு அந்தக் கதை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நிஜமாகவே நடந்தது. அழுதது பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் என்ற மின்சார நிறுவனம். சுருக்கமாக பிஜி அண்ட் ஈ. "வரி கட்டும் மக்களுக்கு ஓட்டுப் போடும் உரிமை வேண்டும்" என்று அது கண்ணீர் விட்டது. அந்தக் கண்ணீருக்கு அது செய்த செலவு சுமார் 4.6 கோடி டாலர்!

ஒரு தனியார் நிறுவனத்துக்கு மக்களின் ஓட்டுரிமை மேல் இத்தனை கரிசனம் எதற்கு? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், அந்த மாநிலத்து நகராட்சிகளும் மாவட்ட நிர்வாகங்களும் அப்போது என்ன செய்யத் தொடங்கியிருந்தன என்று பார்க்க வேண்டும்.

கூட்டுக் கொள்முதல் என்றால் என்ன?

விஷயம் மிக எளிது. ஒரு வீட்டுக்காரர் கடைக்குப் போய் கால் கிலோ தக்காளி வாங்கினால் கடைக்காரர் சொன்னதுதான் விலை. நூறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து மொத்தச் சந்தைக்குப் போனால் விலை பேசலாம். எந்தத் தோட்டத்துத் தக்காளி என்றும் கேட்கலாம். மின்சாரத்திலும் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு நகராட்சியோ, பல நகராட்சிகள் சேர்ந்த கூட்டமைப்போ தன் எல்லைக்குள் இருக்கும் வீடுகள், கடைகள், அலுவலகங்களின் மின் தேவையை ஒன்றாகத் திரட்டி, உற்பத்தியாளர்களிடம் மொத்தமாக மின்சாரம் வாங்குகிறது. இதற்கு அங்கே 'கம்யூனிட்டி சாய்ஸ் அக்ரிகேஷன்' என்று பெயர்.

முக்கியமான ஒன்று. இதில் நகராட்சி பழைய நிறுவனத்தின் சொத்து எதையும் பிடுங்குவதில்லை. கம்பம் அதனுடையது. கம்பி அதனுடையது. மீட்டர் அதனுடையது. மாதாமாதம் பில் அனுப்பிப் பணம் வாங்குவதும் அதே நிறுவனம்தான். கம்பிக்கான கட்டணமும் அதற்கே போகிறது. மாறுவது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கம்பியில் ஓடும் மின்சாரத்தை யார், எங்கிருந்து, என்ன விலைக்கு வாங்குவது என்ற முடிவு. அந்த முடிவு நிறுவனத்தின் அறையிலிருந்து ஊர் மன்றத்துக்கு வருகிறது. அவ்வளவுதான்.

இது கலிபோர்னியாவில் பிறந்த யோசனையும் அல்ல. 1997-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் இதற்குச் சட்டம் போட்டது. அங்கே கேப் காட் பகுதியின் சிற்றூர்களும், பக்கத்துத் தீவான மார்த்தாஸ் வின்யார்டின் ஊர்களும் சேர்ந்து 'கேப் லைட் காம்பாக்ட்' என்ற கூட்டமைப்பை உருவாக்கின. ஒஹையோ, இல்லினாய் மாநிலங்களும் பின்னால் வந்தன.

சூடு கண்ட பூனை

கலிபோர்னியா ஏன் இந்தப் பக்கம் திரும்பியது? பட்டறிவுதான் காரணம். 1996-ல் அந்த மாநிலம் மின்சாரச் சந்தையைத் திறந்துவிட்டது. போட்டி வரும், விலை குறையும் என்றார்கள். ஆனால் நடந்தது என்ன? 2000-ஆம் ஆண்டு கோடையில் சான் டியாகோ நகரத்து மக்களின் மின் பில் இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது. என்ரான் போன்ற வியாபாரிகள் சந்தையில் செயற்கையான தட்டுப்பாட்டை உண்டாக்கிக் கொள்ளை லாபம் பார்த்தார்கள். 2001 தொடக்கத்தில் உலகத்தின் பணக்கார மாநிலங்களில் ஒன்றில் முறை வைத்து மின்வெட்டு! அந்த ஏப்ரலில் பிஜி அண்ட் ஈ திவால் மனு கொடுத்தது. கடைசியில் மாநில அரசே நீண்டகால ஒப்பந்தம் போட்டு, அதிக விலை கொடுத்து மின்சாரம் வாங்க வேண்டியதாயிற்று. அந்தக் கடனையும் மக்கள்தான் பில்லோடு பில்லாகக் கட்டினார்கள்.

இந்த அனுபவத்திலிருந்து இரண்டு பாடம் கிடைத்தது. தனித்தனி ஆளாகச் சந்தையில் நின்றால் சாதாரண மனிதனுக்கு அங்கே மரியாதை இல்லை. பழைய ஏகபோக நிறுவனத்தை நம்பி உட்கார்ந்திருந்தாலும் பாதுகாப்பு இல்லை. மூன்றாவது வழி ஒன்று வேண்டியிருந்தது. 2002-ல் கரோல் மிக்டன் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த ஏபி 117 என்ற சட்டம் அந்த வழியைத் திறந்தது.

சட்டம் வந்தாலும் காரியம் உடனே நடக்கவில்லை. மத்தியப் பள்ளத்தாக்கில் சான் வாக்கீன் பகுதி நகரங்கள் சேர்ந்து முதலில் முயன்றன. பிஜி அண்ட் ஈயின் எதிர்ப்பும் நிதி நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2009-ல் அந்த முயற்சி நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரின் மாவட்டம் துணிந்தது. 2010 மே மாதம் 'மரின் கிளீன் எனர்ஜி' மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. சரியாக அடுத்த மாதம் ஓநாயின் ஒப்பாரி உச்சத்துக்குப் போனது.

முன்மொழிவு 16

2010 ஜூன் 8-ஆம் தேதி கலிபோர்னியா வாக்காளர்கள் முன் 'முன்மொழிவு 16' என்ற அரசியல் சட்டத் திருத்தம் வைக்கப்பட்டது. உள்ளாட்சி எதுவானாலும் புதிதாக மின்சார சேவை தொடங்கவோ, இருப்பதை விரிவாக்கவோ, கூட்டுக் கொள்முதலில் இறங்கவோ வேண்டுமானால், உள்ளூர் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க வேண்டும் என்றது அது. பிரச்சாரத்தில் இதற்கு வைத்த செல்லப் பெயர் 'வரி கட்டுவோரின் ஓட்டுரிமைச் சட்டம்'.

பெயர் எவ்வளவு அழகு! ஆதரவுப் பிரச்சாரத்துக்கு வந்த பணம் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே ஒரு நிறுவனத்தின் பணம். எதிர்த்தவர்களால் திரட்ட முடிந்தது ஒன்றிரண்டு லட்சம் டாலரைத் தாண்டவில்லை. இனி அந்தப் பக்கத்தின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். 2010-உடன் அவை செத்துப்போகவில்லை. எந்த ஊர் இந்த வழியில் இறங்கினாலும் அதே வாதங்கள் சட்டை மாற்றிக்கொண்டு வருகின்றன.

வாதம் 1: "மக்களிடம் ஓட்டு கேட்பது தப்பா?"

தப்பே இல்லை. ஒஹையோவிலும் இல்லினாயிலும் இப்படி ஊர் முழுவதையும் சேர்க்கும் முன் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்றுதான் சட்டம். நூற்றுக்கணக்கான ஊர்கள் அப்படி ஓட்டுப் போட்டுத்தான் சேர்ந்தன. 2012 நவம்பரில் சிகாகோ மாநகரமே ஓட்டுப் போட்டது. ஆனால் அங்கெல்லாம் கேட்டது சாதாரணப் பெரும்பான்மை. பாதிக்கு மேல் ஒரு ஓட்டு விழுந்தால் போதும்.

முன்மொழிவு 16 கேட்டது மூன்றில் இரண்டு பங்கு. அதாவது நூற்றுக்கு 66 பேர் வேண்டும் என்று சொன்னாலும் 34 பேர் வேண்டாம் என்றால் முடிந்தது கதை. இதற்குப் பெயர் ஓட்டுரிமையா? சிறுபான்மைக்கு வீட்டோ கொடுக்கும் ஏற்பாடு இது. அந்தச் சிறுபான்மையை உண்டாக்க ஒவ்வொரு ஊரிலும் பணத்தைக் கொட்ட ஒரு நிறுவனம் தயாராக நின்றது.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், முன்மொழிவு 16 நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு தேவையில்லை! ஐம்பது சதவீதத்துக்கு மேல் ஒரு ஓட்டு போதும். மாநிலத்தின் அரசியல் சட்டத்தையே திருத்த சாதாரணப் பெரும்பான்மை போதுமாம். ஒரு சின்ன ஊர் தன் மின்சாரத்தைத் தானே வாங்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமாம். எந்த ஊர் நியாயம் இது?

சரி, மக்கள் ஓட்டுப் போட்டால் நிறுவனம் தலைவணங்கிப் போய்விடுமா? சாக்ரமெண்டோ நகரத்து வரலாற்றைப் புரட்டினால் தெரியும். தங்களுக்கென்று சொந்த மின்சார அமைப்பு வேண்டும் என்று அந்த மக்கள் 1923-லேயே ஓட்டுப் போட்டார்கள். அந்த அமைப்பு உண்மையில் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது 1946-ஆம் ஆண்டு கடைசியில். நடுவில் போன 23 வருடங்களில் பெரும்பகுதி பிஜி அண்ட் ஈயுடனான வழக்கிலும் இழுபறியிலும் கழிந்தது. மக்கள் ஓட்டின் மேல் இவர்களுக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

வாதம் 2: "கேட்காமலே ஆளைச் சேர்க்கிறார்கள்"

இதுதான் பார்க்க நியாயமாகத் தெரிகிற வாதம். கூட்டுக் கொள்முதல் தொடங்கும் ஊரில் எல்லா வாடிக்கையாளர்களும் தானாகவே அதில் சேர்க்கப்படுகிறார்கள். வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ளலாம். கலிபோர்னியா சட்டப்படி சேர்ப்பதற்கு முன் இரண்டு முறை, சேர்த்த பின் இரண்டு முறை, ஆக நான்கு முறையாவது கடிதம் அனுப்பித் தெரிவிக்க வேண்டும். அப்படியும், 'விருப்பம் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்' என்று சிலர் வாதிடுகிறார்கள். 2014-ல் ஏபி 2145 என்ற மசோதா, அதன் முதல் வடிவத்தில், இதையே சட்டமாக்கப் பார்த்தது. பலத்த எதிர்ப்பில் திருத்தப்பட்டு, பிறகு செனட்டில் செத்தது.

இந்த நியாயவான்களிடம் ஒரே ஒரு கேள்வி. பிஜி அண்ட் ஈயின் வாடிக்கையாளராகச் சேர விருப்பமா என்று எந்த வீட்டுக்காரரையாவது யாராவது என்றைக்காவது கேட்டார்களா? அந்தப் பகுதியில் வீடு எடுத்தார், விளக்கு எரிந்தது, பில் வந்தது. விலகிக்கொள்ளும் கடிதம் நான்கு வேண்டாம், ஒன்றாவது வந்ததா? விலகும் வழியே கிடையாதே! யாரையும் கேட்காமல் கோடிக்கணக்கானவர்களைப் பிறவி வாடிக்கையாளராக வைத்திருந்த நிறுவனம், நான்கு கடிதம் போட்டுச் சேர்க்கும் நகராட்சியைப் பார்த்து 'கட்டாயம்' என்கிறது. சாத்தான் வேதம் ஓதுவது இதுதான்.

மின்சாரம் போன்ற விஷயத்தில் எல்லோருக்கும் ஏதாவது ஓர் இயல்பான ஏற்பாடு இருந்தே தீரும். யாரும் இருட்டில் உட்கார்ந்துகொண்டு விண்ணப்பம் நிரப்ப முடியாது. அந்த இயல்பான இடத்தில் இருக்கப்போவது யார் என்பதுதான் கேள்வி. பங்குதாரருக்குக் கடமைப்பட்ட நிறுவனமா, ஓட்டுப் போட்டவருக்குக் கடமைப்பட்ட ஊர் மன்றமா? ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றால் கூட்டுக் கொள்முதலில் 'கூட்டு' என்பதே இருக்காது. மொத்தமாகத் திரண்டால்தான் பேரம். அது தெரிந்துதான் அந்த இடத்தில் கத்தி வைக்கிறார்கள்.

வாதம் 3: "மின்சாரம் விற்பதில் எங்களுக்கு லாபமே இல்லை"

வெளியிலிருந்து வாங்கிக் கொடுக்கும் மின்சாரத்தின் மேல் இந்த நிறுவனங்கள் லாபம் வைப்பதில்லை என்பது உண்மை. வாங்கிய விலையை அப்படியே பில்லில் ஏற்றுகின்றன. லாபம் வருவது, தாங்கள் கட்டி வைத்திருக்கும் சொத்தின் மேல். மின் நிலையம், கம்பம், கம்பி என்று எவ்வளவு முதல் போடுகிறார்களோ அதற்கு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கும் ஒரு விகிதம் உண்டு.

லாபமே இல்லாத வேலையைத்தான் நகராட்சி எடுத்துக்கொள்கிறது என்றால் நிறுவனம் 'தொல்லை விட்டது' என்று மகிழ வேண்டாமா? 4.6 கோடி டாலர் செலவு செய்து ஏன் தடுக்க வேண்டும்? வாடிக்கையாளர் கையை விட்டுப் போனால், நாளைக்குப் புது மின் நிலையம் கட்ட அவரைக் காட்டி அனுமதி வாங்க முடியாது. இன்றைக்கு மின்சாரத்தைத் தானே வாங்கப் பழகிய ஊர், நாளைக்குக் கம்பத்தையும் கம்பியையும் கேட்கலாம். பயம் அங்கே இருக்கிறது.

செலவழித்தது பங்குதாரர் பணம், வாடிக்கையாளர் பணம் அல்ல என்றது நிறுவனம். பங்குதாரர் பணம் எந்த மரத்தில் காய்த்ததோ!

வாதம் 4: "நகராட்சிக்கு மின்சார வியாபாரம் தெரியுமா?"

லாஸ் ஏஞ்சலிஸ், சாக்ரமெண்டோ, பாலோ ஆல்ட்டோ ஆகிய ஊர்களில் பல பத்தாண்டுகளாகப் பொது அமைப்புகள்தான் மின்சாரம் கொடுக்கின்றன. கம்பம், கம்பி உட்பட எல்லாம் அவர்களுடையது. அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வியாபாரம் தெரிந்த நிறுவனத்தின் கதை என்ன? 2001-ல் திவால். 2010 செப்டம்பர் 9-ஆம் தேதி, அதாவது முன்மொழிவு 16-க்குச் சுமார் மூன்று மாதம் கழித்து, சான் புருனோ நகரில் இதே நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் செத்தார்கள். 38 வீடுகள் அழிந்தன. 1956-ல் பதித்த குழாய், பற்றவைப்பில் குறை. குழாய்ப் பாதுகாப்பு விதிகளை மீறியதற்கும் விசாரணைக்கு இடையூறு செய்ததற்கும் 2016-ல் ஜூரி நிறுவனத்தைக் குற்றவாளி என்றது. 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊரையே எரித்த காட்டுத்தீ. 85 பேர் பலி. தீ பிடித்தது சுமார் நூறு வருடப் பழைய இரும்புக் கொக்கி ஒன்று தேய்ந்து அறுந்ததால். 2019 ஜனவரியில் மறுபடியும் திவால் மனு. 2020 ஜூனில் 84 பேரின் மரணத்துக்குத் தானே காரணம் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

அந்த 4.6 கோடி டாலர் குழாய்க்குப் போயிருந்தால் சான் புருனோ பிழைத்திருக்கும் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு நிறுவனத்தின் மேலிடத்தார் 2010-ஆம் ஆண்டின் முதல் பாதியில் எதன் மேல் கண்ணாக இருந்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

குறையே இல்லையா?

இருக்கிறது. கூட்டுக் கொள்முதலை ஆதரிப்பவர்கள் அதை மூடி மறைத்தால் அதுவும் காதில் பூச்சுற்றும் வேலைதான்.

ரிவர்சைடு மாவட்டத்தில் சில நகரங்கள் சேர்ந்து 2020-ல் 'வெஸ்டர்ன் கம்யூனிட்டி எனர்ஜி' என்று தொடங்கின. அந்த ஆகஸ்ட் மாதம் கடும் வெப்ப அலையில் சந்தை விலை தாறுமாறாக ஏறியது. கொரோனா காலத்தில் பலர் பில் கட்டவும் முடியவில்லை. கையில் போதிய இருப்பு இல்லாத அந்த அமைப்பு 2021 மே மாதம் திவால் மனு கொடுத்தது. சிகாகோவில் பழைய நிறுவனத்தின் விலை இறங்கியதும் மலிவு என்ற ஒரே காரணம் போய்விட்டது. 2015-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். 'பசுமை மின்சாரம்' என்று பெருமை பேசிய மரின் மாவட்டத்தின் முதல் ஒப்பந்தம் எண்ணெய் நிறுவனமான ஷெல்லின் கிளையோடு! பெயருக்குப் பசுமைச் சான்றிதழ்களை வாங்கி ஒட்டிக்கொள்ளும் வழக்கமும் தொடக்க காலத்தில் பல இடங்களில் இருந்தது. விலகும் வாடிக்கையாளர் மேல் பழைய நிறுவனத்தின் பழைய ஒப்பந்தச் செலவைச் சுமத்தும் கட்டணம் வேறு உண்டு. அதைக் கணக்கிடும் முறையை 2018-ல் ஒழுங்குமுறை ஆணையம் மாற்றியதும் அந்தச் சுமை கூடியது. கம்பிக் கட்டணம் ஏறினால் ஊர் மன்றத்தால் ஒன்றும் செய்யவும் முடியாது.

இத்தனையும் உண்மை. 'பில் உடனே பாதியாகும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இருப்பு நிதி இல்லாமல், நீண்டகால ஒப்பந்தம் இல்லாமல், நேரத்துக்கு நேரம் மாறும் சந்தையை நம்பி இறங்கும் ஊர் கையைச் சுட்டுக்கொள்ளும்.

ஆனால் இந்தக் குறைகள் வெளியே தெரிந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். கூட்டமைப்பை நடத்துபவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த மன்ற உறுப்பினர்கள். கலிபோர்னியா சட்டப்படி அவர்களின் கூட்டம் பொதுக்கூட்டம். யாரும் போய் உட்காரலாம், எழுந்து கேள்வி கேட்கலாம். ஷெல்லோடு ஏன் ஒப்பந்தம் என்று முகத்துக்கு நேரே கேட்க முடிந்தது. கேட்டார்கள். தவறு செய்தவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். பிடிக்காவிட்டால் பழைய நிறுவனத்துக்கே திரும்பலாம். நூறு வருடப் பழைய கொக்கியைப் பற்றி பாரடைஸ் நகரத்து மக்கள் எந்தக் கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்க முடியும்?

இது இடதுசாரிப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற ஏளனமும் எடுபடவில்லை. பாலைவன ஓரத்தில் இருக்கும் லான்காஸ்டர் நகரம் 2015-ல் தன் கூட்டுக் கொள்முதலைத் தொடங்கியபோது அதன் மேயர் குடியரசுக் கட்சிக்காரர். ஷெவ்ரான் எண்ணெய் ஆலை நிற்கும் உழைப்பாளர் ஊரான ரிச்மண்ட், பணக்கார மரினோடு சேர்ந்துகொண்டது. 2011-ல் வந்த எஸ்பி 790 சட்டம், மக்களின் பில் பணத்தில் கூட்டுக் கொள்முதலுக்கு எதிராகப் பிரச்சாரம் செய்ய நிறுவனங்களுக்குக் கடிவாளம் போட்டது. இப்போது கலிபோர்னியாவில் இருபதுக்கும் மேற்பட்ட கூட்டமைப்புகள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு மின்சாரம் வாங்கிக் கொடுக்கின்றன.

முன்மொழிவு 16 என்ன ஆயிற்று? தோற்றது. சுமார் 53 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 4.6 கோடி டாலர் விளம்பரம் பாய்ந்தும் தோற்றது. அதிலும் ஒரு விசேஷம். தெற்கே, பிஜி அண்ட் ஈ வியாபாரமே செய்யாத பகுதிகளில் அந்த விளம்பரம் நன்றாகவே எடுபட்டது. அதன் பில்லை மாதாமாதம் கட்டி அனுபவப்பட்ட சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து மக்கள்தான் பெருவாரியாக எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள்.

ஓட்டுரிமை வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. மக்கள் அந்த உரிமையைப் பயன்படுத்தினார்கள்.